ஒரே பாஸ்வேர்ட், எல்லாக் கம்ப்யூட்டரும்: ஆபீஸ் லாகின் சர்வர் இயங்கும் விதம்

வீட்டிற்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறீர்கள். ஆன் செய்ததும் யூசர் நேம் கேட்டது, பாஸ்வேர்ட் கேட்டது, கொடுத்தீர்கள். மறுநாள் ஆபீஸுக்குப் போகிறீர்கள். உங்கள் சீட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் பழுது. பக்கத்து ஹாலில் காலியாக இருக்கும் ஒரு சீட்டில் உட்காருகிறீர்கள். அந்தக் கம்ப்யூட்டரை இதற்கு முன் நீங்கள் தொட்டதே இல்லை. ஆனாலும் உங்கள் யூசர் நேம், பாஸ்வேர்டை டைப் செய்து என்டர் தட்டியதும் அது உங்களை உள்ளே விடுகிறது. நீங்கள் யார் என்று அதற்கு யார் சொன்னது?

அதைச் சொல்வதற்கென்றே ஆபீஸில் ஒரு லாகின் சர்வர் இருக்கிறது. இன்று பல இடங்களில் அது ஒரு தனிப் பெட்டியாகக்கூட இருப்பதில்லை. பெரிய சர்வர் ஒன்றுக்குள் இயங்கும் ‘விர்ச்சுவல் மெஷின்’ ஆக இருக்கிறது. இரண்டும் எப்படி வேலை செய்கின்றன, இரண்டையும் சேர்க்கும்போது எங்கே கவனம் தேவை, வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே இதை எப்படிச் செய்து பார்ப்பது என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த விஷயத்தில் நான் செய்த ஒரு தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

மூன்று நிமிடத்தில் செய்த வேலை

2019-ல் ஒரு நிறுவனத்தில் சர்வர் பிரிவில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அங்கே இரண்டு லாகின் சர்வர்கள், இரண்டுமே விர்ச்சுவல் மெஷின்கள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை அதில் இரண்டாவது சர்வர் தகராறு செய்தது. இரண்டு வாரத்திற்கு முன் ஒரு அப்டேட் போடுவதற்காக அதை ‘ஸ்நாப்ஷாட்’ எடுத்து வைத்திருந்தோம். ஸ்நாப்ஷாட் என்பது, அந்த நொடியில் சர்வர் இருந்த நிலையை அப்படியே பிடித்து வைப்பது. நான் அந்த ஸ்நாப்ஷாட்டுக்குத் திரும்பினேன். மூன்று நிமிடத்தில் சர்வர் எழுந்துவிட்டது. ‘நெட் லாகான்’ என்ற ஒரு சர்வீஸ் மட்டும் பாஸ் ஆகி நின்றிருந்தது. அதையும் நானே மறுபடி இயக்கிவிட்டு, பெருமையோடு வீட்டுக்குக் கிளம்பினேன்.

திங்கள்கிழமை காலை ஒன்பதே காலுக்கு முதல் போன். அக்கவுன்ட்ஸ் அக்கா பேசினார். “தம்பி, புதுசா சேர்ந்த பொண்ணுக்கு ஒரு தடவை லாகின் ஆகுது, ஒரு தடவை பாஸ்வேர்ட் தப்புன்னு சொல்லுது. என்னன்னு பாருங்க.” அடுத்து, இரண்டு கம்ப்யூட்டர்களில் டொமைனுடன் நம்பிக்கை உறவு அறுந்துவிட்டது என்று ஒரு புரியாத மெசேஜ். மதியத்திற்குள் இதே போல் பல அழைப்புகள்.

இவற்றையெல்லாம்விட மோசமான விஷயத்தை என் சீனியர்தான் கண்டுபிடித்தார். பத்து நாளுக்கு முன் வேலையை விட்டுப் போன ஒருவரின் அக்கவுன்ட்டை நாங்கள் முடக்கியிருந்தோம். அது இரண்டாவது சர்வரில் உயிரோடு இருந்தது. அதாவது, பூட்டிய கதவு ஒன்றை நானே திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன். இது எப்படி நடந்தது என்று புரிய, முதலில் லாகின் சர்வரின் அடிப்படையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தலைமை ஆசிரியர் அறையில் ஒரு ரிஜிஸ்டர்

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் லோக்கல் அக்கவுன்ட் ஒன்றை உருவாக்கினால், அந்த விவரம் அந்தக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்கிலேயே இருக்கும். ஒரே கம்ப்யூட்டர் என்றால் இது போதும். ஆபீஸில் 40 கம்ப்யூட்டர்கள், 40 பேர் என்று வையுங்கள். யார் வேண்டுமானாலும் எங்கு வேண்டுமானாலும் உட்காரலாம் என்றால் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் 40 அக்கவுன்ட், ஆக மொத்தம் 1,600 அக்கவுன்ட்களை உருவாக்க வேண்டும். ஒருவர் பாஸ்வேர்டை மாற்றினால் 40 இடத்தில் மாற்ற வேண்டும். ஒருவர் வேலையை விட்டால் 40 இடத்தில் நீக்க வேண்டும். ஒரு இடத்தில் மறந்தாலும் அது திறந்த கதவுதான்.

பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வகுப்பிலும் வருகைப் பதிவேடு இருக்கலாம். ஆனால் யார் இந்தப் பள்ளி மாணவர் என்பதைச் சொல்வது தலைமை ஆசிரியர் அறையில் இருக்கும் அட்மிஷன் ரிஜிஸ்டர் மட்டுமே. லாகின் சர்வரும் அப்படித்தான். எல்லாக் கம்ப்யூட்டர்களும் சந்தேகம் வந்தால் அதனிடம் கேட்கின்றன. விண்டோஸ் உலகில் இந்த ரிஜிஸ்டருக்கு ‘ஆக்டிவ் டைரக்டரி’ என்று பெயர். அதை வைத்திருக்கும் சர்வர் ‘டொமைன் கன்ட்ரோலர்’. அந்த ரிஜிஸ்டருக்குக் கட்டுப்பட்ட கம்ப்யூட்டர்கள், ஆட்கள் எல்லாம் சேர்ந்தது ‘டொமைன்’. இது 2000-ம் ஆண்டு பிப்ரவரியில் விண்டோஸ் 2000 சர்வருடன் வெளிவந்தது. லினக்ஸில் இதே வேலைக்கு ‘ஓப்பன் எல்டேப்’, ‘ஃப்ரீ ஐ.பி.ஏ’ போன்ற இலவச சாப்ட்வேர்கள் உண்டு. 2012 டிசம்பரில் வந்த ‘சாம்பா 4’, லினக்ஸ் சர்வரையே டொமைன் கன்ட்ரோலராக மாற்றித் தருகிறது.

தேடுவது ஒருவர், சோதிப்பது இன்னொருவர்

லாகின் சர்வருக்குள் இரண்டு தனித்தனி வேலைகள் நடக்கின்றன.

முதல் வேலை, ஆளைத் தேடுவது. இதற்கான மொழி ‘எல்டேப்’. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவாகி, 1993-ல் முதல் வரையறை வெளியானது. ஒரு ஆளின் விவரத்தை இது நம் தபால் முகவரி போலவே எழுதுகிறது. முதலில் ஆளின் பெயர், அடுத்து பிரிவு, கடைசியில் நிறுவனத்தின் டொமைன் பெயர். சிறியதிலிருந்து பெரியதற்குப் போகும் வரிசை. தபால்காரர் கீழ் வரியிலிருந்து மேலே படித்து வீட்டைக் கண்டுபிடிப்பது போல, சர்வரும் பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கி ஆளைக் கண்டுபிடிக்கிறது.

இரண்டாவது வேலை, வந்திருப்பவர் அவர்தானா என்று சோதிப்பது. இதைச் செய்வது ‘கெர்பரோஸ்’. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் 1983-ல் தொடங்கிய ‘அதீனா’ என்ற திட்டத்தில் பிறந்தது. கிரேக்கப் புராணத்தில் பாதாள உலகின் வாசலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயரைத்தான் இதற்கு வைத்தார்கள்.

இது வேலை செய்யும் விதத்தை ஒரு பொருட்காட்சியை வைத்துப் புரிந்துகொள்ளலாம். வாசலில் ஒருமுறை உங்களைச் சோதித்து, கையில் ஒரு பட்டை கட்டிவிடுகிறார்கள். உள்ளே ராட்டினம் ஏற வேண்டுமா? கையில் உள்ள பட்டையைக் காட்டி கவுன்ட்டரில் ராட்டினத்திற்கான டோக்கன் வாங்கிக்கொள்கிறீர்கள். ராட்டினக்காரர் டோக்கனை மட்டும் பார்க்கிறார். கெர்பரோஸிலும் காலையில் ஒருமுறை பாஸ்வேர்ட் கொடுத்ததும் உங்கள் கம்ப்யூட்டருக்கு ஒரு ‘டிக்கெட்’ கிடைக்கிறது. பிறகு பைல் சர்வரைத் திறந்தாலும், பிரின்ட் கொடுத்தாலும் அந்த டிக்கெட்டைக் காட்டியே வேலை முடிகிறது. பாஸ்வேர்டை மறுபடி கேட்பதில்லை. உங்கள் பாஸ்வேர்ட் நெட்வொர்க் கேபிளில் பயணம் செய்வதும் இல்லை. ஆக்டிவ் டைரக்டரியில் இந்த டிக்கெட்டின் ஆயுள் வழக்கமாக 10 மணி நேரம்.

டிக்கெட்டில் நேரம் குறிக்கப்பட்டிருப்பதால் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். சர்வருக்கும் உங்கள் கம்ப்யூட்டருக்கும் 5 நிமிடத்திற்கு மேல் வித்தியாசம் இருந்தால், பாஸ்வேர்ட் சரியாக இருந்தாலும் கெர்பரோஸ் டிக்கெட் தராது. இதை நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஒரு வீட்டில் பத்து போர்ஷன்

இனி விர்ச்சுவல் மெஷின். முன்பெல்லாம் லாகினுக்கு ஒரு பெட்டி, மெயிலுக்கு ஒரு பெட்டி, பைல்களுக்கு ஒரு பெட்டி என்று தனித்தனி சர்வர்கள் இருந்தன. அவற்றில் பல, பாதி நாள் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். கரன்ட் பில் மட்டும் ஏறும். ஒரு பெரிய வீட்டைத் தடுத்துப் பத்து போர்ஷனாக வாடகைக்கு விடுவது போல, ஒரு பெரிய சர்வரைத் தடுத்துப் பல சர்வர்களாக இயக்குவதுதான் விர்ச்சுவலைசேஷன். ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனிப் பூட்டு, தனிச் சமையல். மோட்டாரும் மெயின் ப்யூஸும் மட்டும் பொது. இந்தத் தடுப்பைப் போடும் சாப்ட்வேருக்கு ‘ஹைப்பர்வைசர்’ என்று பெயர். 2001-ல் வி.எம்.வேர் நிறுவனத்தின் ஈ.எஸ்.எக்ஸ், 2003-ல் ஸென், 2007-ல் லினக்ஸ் கெர்னலோடு சேர்ந்த கே.வி.எம், 2008-ல் மைக்ரோசாப்ட்டின் ஹைப்பர்-வி என்று இவை ஒவ்வொன்றாக வந்தன.

விர்ச்சுவல் மெஷினின் ஹார்ட் டிஸ்க் என்பது உண்மையில் ஒரு பெரிய பைல்தான். பைல் என்பதால் காப்பி எடுக்கலாம், வேறு பெட்டிக்கு மாற்றலாம், பழைய நிலைக்குத் திருப்பலாம். இதுதான் இதன் பெரிய வசதி. லாகின் சர்வரைப் பொறுத்தவரை இதுவே பெரிய ஆபத்து.

நடந்த தவறு இதுதான்

இரண்டு லாகின் சர்வர்கள் இருந்தால் இரண்டிலும் ஒரே ரிஜிஸ்டர் இருக்க வேண்டும். அதற்காக அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஒவ்வொரு சர்வரும் தன்னிடம் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்திற்கும் ஒரு வரிசை எண் போடுகிறது. பக்கத்து சர்வர், “உன்னிடமிருந்து 5,200 வரை வாங்கிவிட்டேன், அடுத்து 5,201-லிருந்து கொடு” என்று நினைவில் வைத்துக்கொள்கிறது.

நான் இரண்டாவது சர்வரை இரண்டு வாரம் பின்னால் தள்ளினேன். அதன் எண் 4,100-க்குத் திரும்பிவிட்டது. தான் பின்னால் போனது அதற்கே தெரியாது. அது புதிய மாற்றங்களுக்கு 4,101, 4,102 என்று எண் போடத் தொடங்கும். முதல் சர்வரோ, “5,200 வரை என்னிடம் இருக்கிறதே” என்று அவற்றை வாங்காது. முதல் சர்வர் ஏற்கனவே கொடுத்துவிட்ட விஷயங்களிலும் குழப்பம். இரண்டும் தனித்தனி வழியில் போகத் தொடங்கிவிடும். இதற்கு ‘யு.எஸ்.என். ரோல்பேக்’ என்று பெயர்.

நடந்தவை எல்லாம் இப்போது பொருந்துகின்றன. அந்த இரண்டு வாரத்தில் சேர்ந்த பெண்ணின் பெயர் பழைய ரிஜிஸ்டரில் இல்லை. அதனால் முதல் சர்வர் பதில் சொன்னால் லாகின் ஆகும், இரண்டாவது பதில் சொன்னால் ஆகாது. டொமைனில் சேர்ந்த ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனக்கென ஒரு ரகசிய பாஸ்வேர்ட் உண்டு. வழக்கமாக 30 நாளுக்கு ஒருமுறை அது தானாக மாறும். அந்த இரு வாரத்தில் மாற்றிக்கொண்ட கம்ப்யூட்டர்களைத்தான் பழைய சர்வர் நம்ப மறுத்தது. வேலையை விட்டவரின் அக்கவுன்ட்டை முடக்கிய குறிப்பும் அதில் இல்லை.

உண்மையில் அந்த சர்வர் என்னை எச்சரித்திருந்தது. எண் பின்னால் போனதைப் பக்கத்து சர்வர் மூலம் கண்டுகொண்டதும், அது நெட் லாகான் சர்வீஸைத் தானே பாஸ் செய்து ஒதுங்கிக்கொண்டது. காரணம் தெரியாமல் அதை மறுபடி இயக்கியது நான்தான். சீனியர் என்னைத் திட்டவில்லை. “லாக்கைப் படிச்சியா?” என்று மட்டும் கேட்டார். அன்று இரவு இரண்டாவது சர்வரை டொமைனிலிருந்து முழுவதும் நீக்கி, முதல் சர்வரில் அதைப் பற்றிய குறிப்புகளைத் துடைத்து, புதிதாக ஒன்றை இன்ஸ்டால் செய்து, முதல் சர்வரிடமிருந்து ரிஜிஸ்டரை வாங்க வைத்தோம். மூன்று நிமிட வேலையைச் சரிசெய்ய விடிந்துவிட்டது.

எங்களிடம் இருந்தது விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2. விண்டோஸ் சர்வர் 2012 முதல் இதற்கு ஒரு பாதுகாப்பு உண்டு. ஹைப்பர்வைசர் ஒவ்வொரு விர்ச்சுவல் மெஷினுக்கும் ஒரு அடையாள எண் கொடுக்கிறது. ஸ்நாப்ஷாட்டுக்குத் திரும்பினால் அந்த எண் மாறும். அதைக் கண்ட சர்வர், தான் பின்னால் வந்திருப்பதை உணர்ந்து, விட்டுப்போனதைப் பக்கத்து சர்வரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஆனால் ஹைப்பர்வைசரும் இந்த வசதியைத் தர வேண்டும். டிஸ்க் பைலை மட்டும் பழைய காப்பி எடுத்து ஒட்டினால் இந்தப் பாதுகாப்பு வேலை செய்யும் என்று நம்பக்கூடாது. பேக்கப் எடுப்பதற்கு ஸ்நாப்ஷாட் மாற்று ஆகாது.

எல்லா முட்டையும் ஒரே கூடையில்

பல பூட்டுக்கு ஒரே சாவி என்றால் அந்தச் சாவி தொலையும் நாள் பெரிய நாள். 1960-களிலேயே இதற்கு ஒரு உதாரணம் உண்டு. எம்.ஐ.டி-யில் 1961-ல் அறிமுகமான ‘சி.டி.எஸ்.எஸ்’ என்ற கம்ப்யூட்டர் அமைப்பில் பலரும் பாஸ்வேர்ட் கொடுத்து உள்ளே நுழைவார்கள். ஒருநாள் ஒரு எடிட்டர் சாப்ட்வேரின் குழப்பத்தால் வரவேற்புச் செய்தி பைலும் பாஸ்வேர்ட் பைலும் இடம் மாறிவிட்டன. அன்று லாகின் செய்த எல்லோருடைய டெர்மினலிலும் எல்லோருடைய பாஸ்வேர்டும் வந்தது.

இதனால்தான் இன்று பாஸ்வேர்டை அப்படியே சேமிப்பதில்லை. அதை அரைத்து ‘ஹாஷ்’ ஆக்கி வைக்கிறார்கள். அரைத்த மாவிலிருந்து மறுபடி அரிசியை எடுக்க முடியாது. ஆனால் அந்த ரிஜிஸ்டரைத் திருடியவர், “இந்த வார்த்தையை அரைத்தால் இதே மாவு வருகிறதா?” என்று கோடிக்கணக்கில் முயன்று பார்க்கலாம். எளிய பாஸ்வேர்ட்கள் அதில் சிக்கிவிடும். லாகின் சர்வரின் டிஸ்க் பைலை ஒருவர் பென் டிரைவில் காப்பி எடுத்தால், மொத்த ஆபீஸின் ரிஜிஸ்டரும் அவர் பையில் இருக்கிறது என்று அர்த்தம்.

2017 ஜூன் 27 அன்று ‘நாட்பெட்யா’ என்ற வைரஸ் உக்ரைனில் கிளம்பி உலகெங்கும் பரவியது. டென்மார்க்கின் கப்பல் நிறுவனமான மெர்ஸ்க் பெரும் பாதிப்புக்குள்ளானது. அதனிடம் உலகெங்கும் சுமார் 150 டொமைன் கன்ட்ரோலர்கள் இருந்தன. ஒன்று போனால் மற்றொன்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்பது திட்டம். எல்லாமே ஒரே நேரத்தில் அழியும் என்று யாரும் நினைக்கவில்லை. ஆப்பிரிக்காவின் கானா நாட்டு அலுவலகத்தில் மட்டும் அந்த நேரத்தில் கரன்ட் இல்லை. அதனால் அங்கிருந்த ஒரே ஒரு டொமைன் கன்ட்ரோலர் நெட்வொர்க்கிலிருந்து விலகித் தப்பியது. அதிலிருந்த தகவலை ஊழியர்கள் கையோடு எடுத்துக்கொண்டு, நைஜீரியா வழியாக விமானத்தில் இங்கிலாந்து கொண்டுசேர்த்தார்கள். பத்து நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் மறுபடி இன்ஸ்டால் செய்ததாக நிறுவனத்தின் தலைவர் 2018 ஜனவரியில் தாவோஸ் மாநாட்டில் சொன்னார். ஒரு பவர் கட் ஒரு நிறுவனத்தைக் காப்பாற்றிய கதை இது. நெட்வொர்க்கில் இணைக்காமல் தனியே வைத்த ஒரு பேக்கப் இருந்திருந்தால் அதிர்ஷ்டத்தை நம்பியிருக்க வேண்டாம்.

விர்ச்சுவல் லாகின் சர்வருக்கு ஆறு விதிகள்

1. எப்போதும் இரண்டு லாகின் சர்வர்கள் வேண்டும். இரண்டும் வெவ்வேறு பெட்டிகளில் இருக்க வேண்டும். ஒரே வீட்டின் இரண்டு போர்ஷனில் வைத்தால் மெயின் ப்யூஸ் போகும்போது இரண்டும் போய்விடும்.

2. அந்தப் பெரிய பெட்டியையே நிர்வகிக்கவும் டொமைன் லாகின் வேண்டும் என்று வைத்திருந்தால் சிக்கல். பெட்டி நின்றால் லாகின் சர்வர் இல்லை. லாகின் சர்வர் இல்லாவிட்டால் பெட்டிக்குள் நுழைய முடியாது. சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய கதைதான். பெட்டிக்கென ஒரு லோக்கல் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்ட் வைத்து, கவரில் ஒட்டி லாக்கரில் வையுங்கள்.

3. விர்ச்சுவல் மெஷினை பாஸ் செய்து எழுப்பினால் அதன் கடிகாரம் பின்தங்கியிருக்கலாம். அந்த 5 நிமிட விதி நினைவிருக்கிறதா? லாகின் சர்வர்களில் தலைமை சர்வர், நம்பகமான ஒரு நேர சர்வரிடமிருந்து நேரம் எடுக்க வேண்டும். மற்றவை அதனிடம் எடுக்க வேண்டும். நம் நாட்டின் நேரத்தை டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் பராமரிக்கிறது.

4. ஸ்நாப்ஷாட்டை பேக்கப் ஆக நினைக்கக்கூடாது. லாகின் சர்வரைப் புரிந்துகொள்ளும் பேக்கப் சாப்ட்வேரால் எடுத்து, ஒரு காப்பியை நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வையுங்கள்.

5. டிஸ்க் பைலைத் தொடும் உரிமை யாருக்கு என்பதைக் குறைத்து வையுங்கள். பைலை என்கிரிப்ட் செய்யுங்கள்.

6. ஒரு சர்வீஸ் தானாக நின்றிருந்தால், ஏன் நின்றது என்று லாக்கைப் படித்த பிறகே அதை இயக்குங்கள். இது என் சொந்தச் செலவில் கற்றது.

வீட்டிலேயே செய்து பாருங்கள்

உங்கள் கம்ப்யூட்டரில் 16 ஜிபி ராம் இருந்தால் தாராளம். ‘விர்ச்சுவல் பாக்ஸ்’ என்ற இலவச சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்யுங்கள். மைக்ரோசாப்ட் தளத்தில் விண்டோஸ் சர்வரை 180 நாளும், விண்டோஸ் என்டர்பிரைஸை 90 நாளும் சோதித்துப் பார்க்க இலவசமாகத் தருகிறார்கள். இரண்டையும் இரண்டு விர்ச்சுவல் மெஷின்களாக இன்ஸ்டால் செய்யுங்கள். ஹோம் எடிஷன் விண்டோஸ் டொமைனில் சேராது என்பதால்தான் என்டர்பிரைஸ். இரண்டின் நெட்வொர்க் செட்டிங்கிலும் ‘இன்டர்னல் நெட்வொர்க்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் வீட்டு நெட்வொர்க்கை இது தொடாது.

சர்வருக்கு 192.168.56.10 என்று நிரந்தர ஐ.பி. முகவரி கொடுங்கள். மற்றதற்கு 192.168.56.20. முக்கியமான படி இது: இரண்டிலும் டி.என்.எஸ். முகவரியாக 192.168.56.10-ஐக் கொடுங்கள். லாகின் சர்வர் எங்கே இருக்கிறது என்பதைக் கம்ப்யூட்டர்கள் டி.என்.எஸ். மூலமாகவே கண்டுபிடிக்கின்றன. டொமைனில் சேரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

சர்வரில் ‘சர்வர் மேனேஜர்’ திறந்து, ‘ஆட் ரோல்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்’ கிளிக் செய்யுங்கள். ‘ஆக்டிவ் டைரக்டரி டொமைன் சர்வீசஸ்’ என்பதை டிக் செய்து இன்ஸ்டால் செய்யுங்கள். முடிந்ததும் மேலே கொடி ஐகானில் மஞ்சள் அடையாளம் தோன்றும். அதைக் கிளிக் செய்து, இந்த சர்வரை டொமைன் கன்ட்ரோலராக உயர்த்தும் லிங்க்கைத் தேர்ந்தெடுங்கள். ‘ஆட் எ நியூ ஃபாரஸ்ட்’ என்பதைத் தேர்ந்து, டொமைன் பெயராக வீடு.டெஸ்ட் என்பது போல ஒன்றை ஆங்கில எழுத்தில் டைப் செய்யுங்கள். டெஸ்ட் என்று முடியும் பெயர்கள் சோதனைக்கென்றே ஒதுக்கப்பட்டவை. அடுத்து, அவசரகாலப் பழுதுக்கான ஒரு பாஸ்வேர்டைக் கேட்கும். கொடுத்துவிட்டு எழுதி வையுங்கள். மற்ற கேள்விகளுக்கு நெக்ஸ்ட் தட்டினால் போதும். சர்வர் தானே ரீஸ்டார்ட் ஆகும்.

இப்போது ‘டூல்ஸ்’ மெனுவில் ‘ஆக்டிவ் டைரக்டரி யூசர்ஸ் அண்ட் கம்ப்யூட்டர்ஸ்’ திறந்து ஒரு புதிய யூசரை உருவாக்குங்கள். பிறகு இரண்டாவது மெஷினில் கம்ப்யூட்டர் பெயரை மாற்றும் விண்டோவிற்குச் சென்று, ‘டொமைன்’ என்ற இடத்தில் உங்கள் டொமைன் பெயரைக் கொடுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்ட் கேட்கும். சரியாக இருந்தால் டொமைனுக்கு வரவேற்கும் மெசேஜ் வரும். ரீஸ்டார்ட் செய்து, சர்வரில் உருவாக்கிய அந்த யூசர் பெயரில் லாகின் செய்யுங்கள். இந்தக் கம்ப்யூட்டரில் அப்படி ஒரு அக்கவுன்ட்டை நீங்கள் உருவாக்கவே இல்லை, ஆனாலும் உள்ளே விடும்!

இன்னொரு சோதனை. சர்வரை ஷட்டவுன் செய்துவிட்டு மறுபடி லாகின் செய்து பாருங்கள். அப்போதும் ஆகும். கடைசியாக லாகின் செய்தவர்களின் விவரத்தை, வழக்கமாக 10 பேர் வரை, விண்டோஸ் தன்னிடமே நினைவில் வைத்திருக்கிறது. ஆபீஸ் லேப்டாப் வீட்டில் நெட் இல்லாதபோதும் உங்களை உள்ளே விடுவது இதனால்தான். இதுவரை அதில் லாகின் செய்யாத ஒருவர் பெயரைக் கொடுத்துப் பாருங்கள், விடாது.

லாகின் சர்வர் ஒன்றிருந்தால் ஆபீஸில் ஒரு பாஸ்வேர்டை நீங்கள் நினைவில் வைத்தால் போதும். ஆனால் அந்த ஒரு பாஸ்வேர்டை வைத்தே எல்லாக் கதவும் திறக்கும் என்பதால், அதை நீளமாக வையுங்கள். வேறெந்த வெப்சைட்டுக்கும் அதைப் பயன்படுத்தாதீர்கள். அடுத்த முறை ஆபீஸில் லாகின் ஆகவில்லை என்றால், பாஸ்வேர்டை நாலு முறை அடித்துப் பார்த்து அக்கவுன்ட்டைப் பூட்டிக்கொள்ளாதீர்கள். முதலில் திரையின் மூலையில் இருக்கும் கடிகாரத்தைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் சர்வர் பிரிவுக்கு ஒரு போன் செய்யுங்கள். ஒருவேளை, போன வெள்ளிக்கிழமை அங்கே யாராவது மூன்று நிமிடத்தில் ஒரு வேலையை முடித்திருக்கலாம்.